நூத்தியெழுபது ஜி.எஸ்.எம். காலேஜ்

சிவகாசியில சங்கரலிங்கம்னு ஒருத்தரு, ஒரு ஆப்செட் பிரஸ்ல காயிதம் வெட்டுற கட்டிங் மாஸ்டர். அவருக்கு ஒரு பெருவிரல் இருந்துச்சு. எல்லாத்துக்கும்தான இருக்குன்னு நினைக்கப்படாது. மத்தவுகளுக்கு இருக்கது சட்டைப் பொத்தான் மாட்டவும் ரேசன் கடையில கைநாட்டு வைக்கவும்தான். இவரு விரலு வேற சாதி. ஒரு காயிதத்தை ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு ஒரு தேய் தேய்ச்சாருன்னா, "இது தொண்ணூறு, இது நூத்திமுப்பது"ன்னு சொல்லிப்புடுவாரு. காயிதத்தோட கனத்துக்கு ஜி.எஸ்.எம்.னு ஒரு கணக்கு. எண்ணு கூடக்கூட காயிதம் தடிமன், விலையும் கூட. தராசுல வச்சுப் பார்த்தா ஒரு கிராம் முன்னப்பின்ன இருக்காது. இருபத்திரண்டு வருச சர்வீசு.

இந்த விரலு பிரஸ்ஸோட நின்னுருந்தாத் தேவலை. வீட்டுக்கும் கூடவே வந்துருச்சு. அவரு கலியாணமே அப்படித்தான் முடிஞ்சுச்சு. பொண்ணு பார்க்கப் போன இடத்துல ஜாதகத்தைக் கையில கொடுத்தாக. மனுசன் கட்டத்தைப் பார்க்கல, கிரகத்தைப் பார்க்கல, ஒரு தேய் தேய்ச்சாரு. "கெட்டியான குடும்பம்"னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டாரு. அந்த ஜாதகத்தைப் பட்டாசு லேபிளோட பின்பக்கத்துல எழுதியிருந்தாகங்கிறது தாலி கட்டுன பெறவுதான் தெரிஞ்சுச்சு. அந்தப் பொண்ணுதான் சுப்புலட்சுமி. எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில கிப்ட் பாக்ஸ் கட்டுற வேலை.

விரலு ஒரு பக்கம்னா, அச்சு மேல அவருக்கு இருந்த பக்தி இன்னொரு பக்கம். அச்சுல வந்துருச்சுன்னா அது சத்தியம். ஒரு தடவை வாக்காளர் பட்டியல்ல இவரு பேருக்கு நேரா 'பெண்'னு போட்டுட்டாக. மனுக் கொடுத்து மாத்துங்கன்னு ஊரே சொல்லுச்சு. "அச்சானதை எப்படிய்யா மாத்துறது"ன்னு சொல்லிட்டு, ரெண்டு எலக்சன் பொம்பளைக வரிசையில நின்னு ஓட்டுப் போட்டாரு. வரிசை சின்னதா இருந்துச்சுன்னும் சொல்லிக்கிட்டாரு.

இவரை மட்டும் குத்தம் சொல்லப்படாது. அந்தப் பக்கத்துச் சனமே அப்படித்தான். ஒரு வருசம் தினசரி காலண்டர்ல அமாவாசைய ரெண்டு நாள் தள்ளி அடிச்சுட்டாக. மூணு ஊரு சனம் அச்சடிச்ச நாள்லதான் பஸ் ஏறி இருக்கன்குடிக் கோயிலுக்குப் போச்சு. சாயங்காலம் மேற்க பார்த்தா வானத்துல கீத்து மாதிரி நிலா நிக்கி. "இதென்ன, அமாவாசை அன்னைக்கு நிலா வந்து நிக்கி?"ன்னு ஒருத்தன் கேட்டதுக்கு, "நிலாதான் நாள் தெரியாம வந்திருக்கு"ன்னு இன்னொருத்தன் சொல்லிட்டான். விசாரணை அத்தோட முடிஞ்சுச்சு.

சரி, விசயத்துக்கு வருவோம். ரெண்டாயிரத்து எட்டாம் வருசம். இஞ்சினியரிங் காலேஜ் வியாதி நாடெல்லாம் பரவியிருந்த நேரம். எங்கன கருவேல மரத்தை வெட்டுனாலும் மறுநாளு அங்கன ஒரு காலேஜ் போர்டு நிக்கும். தெருவுக்கு ரெண்டு பி.இ. இல்லைன்னா முனிசிபாலிட்டித் தண்ணியே வராதுங்கிற மாதிரி சனம் பயந்து கிடந்துச்சு. அம்புட்டு காலேஜுக்கும் பிராஸ்பெக்டஸ் அடிச்சது சிவகாசியில. சித்திரை, வைகாசி ரெண்டு மாசமும் சங்கரலிங்கம் பிரஸ்ல அந்த ஆர்டர்தான் சீசன்.

இது தெரிஞ்ச தெருச்சனம், பிள்ளைக பரிட்சை எழுதி முடிச்ச கையோட, பிராஸ்பெக்டஸைத் தூக்கிக்கிட்டு அவரு வீட்டு வாசல்ல வந்து நின்னுச்சு. முதல் ஆளு பக்கத்து வீட்டு ஆண்டிச்சாமி. லோடு ஆட்டோ ஓட்டுறவரு. மகன் அன்பரசன் பன்னெண்டாவது.

"மச்சான், இந்தக் காலேஜ் எப்படி?"

சங்கரலிங்கம் கண்ணை மூடிக்கிட்டு ஒரு தேய் தேய்ச்சாரு. "தொண்ணூறு. நோட்டீஸ் பேப்பர். வாத்தியாரு சரியிருக்காது."

"இது?"

"நூத்திமுப்பது, மேல லேமினேசன் வேற. கேண்டீன் நல்லாயிருக்கும்."

"அப்பம் வாத்தியாரு?"

"லேமினேசன் போட்டவன் வாத்தியாரு போடாமலா இருப்பான்?"

இந்த முறையில நாப்பது குடும்பத்துக்கு உயர்கல்வி ஆலோசனை வழங்கப்பட்டுச்சு. அரசாங்கம் செலவழிச்சிருந்தாக்கூட இம்புட்டுச் சுருக்கா நடந்திருக்காது.

இப்பிடி ஊருப் பிள்ளைகளுக்கெல்லாம் வழி காட்டுன மனுசனுக்குச் சொந்தப் பிள்ளை ஒண்ணு இருந்துச்சே, மாரிசெல்வி, அவ கதைதான் வம்பாப் போச்சு.

மாரிசெல்விக்குக் கணக்குன்னா உசுரு. பன்னெண்டாவதுல கணக்குல இருநூத்துக்கு நூத்தித் தொண்ணூத்தெட்டு வாங்குனா. விருதுநகர்ல பொம்பளைப்பிள்ளைக காலேஜ்ல பி.எஸ்சி. கணக்கு படிக்கணும், கணக்கு டீச்சராகணும். அம்புட்டுத்தான் அவ ஆசை. இஞ்சினியரிங் கவுன்சிலிங்குக்கு மனுக்கூடப் போடல. விருதுநகர் காலேஜும் இடம் கொடுத்து லெட்டர் போட்டுட்டாக. வருசத்துக்குப் பீஸு நாலாயிரத்துச் சொச்சம். திங்கக்கிழமை மூணு மணிக்குள்ள கட்டணும், இல்லைன்னா சீட்டு அடுத்த பிள்ளைக்கு. தினம் பஸ்ஸுல போய்ப் பஸ்ஸுல வந்துறலாம்.

சங்கரலிங்கம் அந்த லெட்டரைத் தேய்ச்சாரு. மூஞ்சி செத்துப் போச்சு.

"தாயி, இது அம்பத்தெட்டு ஜி.எஸ்.எம்."

"அதனால என்னப்பா?"

"மிட்டாய்க் கடையில பக்கோடா மடிக்கிற காயிதம்மா இது. இதுல சீட்டுக் கொடுக்கான்னா, அவன் என்னத்தைச் சொல்லிக் கொடுத்துருவான்?"

"கணக்கு சொல்லிக் கொடுப்பாகப்பா. கணக்கை எந்தக் காயிதத்துல போட்டாலும் விடை ஒண்ணுதான வருது?"

அவருக்கு அது காதுல ஏறல. ஏறாததுக்குக் காரணம் இருந்துச்சு. அதுக்கு ஒரு மாசம் பின்னால போகணும்.

சாத்தூர் தாண்டி, ஹைவேயை விட்டு நாலு கிலோமீட்டர் உள்ள, ஸ்ரீ பொற்கொடி குளோபல் பொறியியற் கல்லூரின்னு ஒண்ணு ஆரம்பிச்சு ரெண்டு வருசம் ஆகியிருந்துச்சு. அதோட பிராஸ்பெக்டஸ் ஆர்டர் இவுக பிரஸ்ஸுக்குத்தான் வந்துச்சு. நூத்தியெழுபது ஜி.எஸ்.எம். ஆர்ட் பேப்பர், பதினாறு பக்கம். மேட்டர் மட்டும் எழுதிக் கொடுத்துட்டு, "போட்டோவெல்லாம் நீங்களே பார்த்துப் போட்டுருங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாக.

பிரஸ்ல கம்ப்யூட்டர் செக்சனைப் பார்க்கிறது தங்கச்சாமி. பயங்கரமான வேலைக்காரன். பழைய மாதக் காலண்டர்ல இருந்து ஏதோ வெளிநாட்டு அரண்மனைய எடுத்து, முன்னால ரெண்டு தென்னை மரத்தை நட்டு, மெயின் பில்டிங்னு போட்டான். பிரஸ்ல மை கலக்குற ரூமு கெமிஸ்ட்ரி லேபாச்சு. விக்காத காலண்டர் கட்டு அடுக்கி வச்ச குடோன் நூலகமாச்சு. கடைசிப் பக்கத்துக்கு, படிச்சு வேலைக்குப் போன பிள்ளை ஒண்ணு வேணும். அந்த நேரம் பார்த்து அப்பாவுக்குச் சோத்து வாளியோட மாரிசெல்வி உள்ள வந்தா.

"ஏ பிள்ள, அங்கனயே நில்லு"ன்னான் தங்கச்சாமி. எதுத்த மருந்துக்கடையில வெள்ளைக் கோட்டு இரவல் வந்துச்சு. கையில ஒரு பாட்டிலைக் கொடுத்தான். உள்ள அச்சுக்கு ஊத்துற மெஜந்தா மை. "அதையே உத்துப் பாரு. கண்டுபிடிச்ச மாதிரி சிரி."

படத்துக்குக் கீழ எழுதினான்: 'எஸ். மாரிசெல்வி, பி.இ., எங்கள் முன்னாள் மாணவி. பன்னாட்டு நிறுவனத்தில் ஆண்டுக்கு நாலரை லட்சம் ஊதியம்.'

"அண்ணே, காலேஜ் ஆரம்பிச்சே ரெண்டு வருசம்தான? நாலு வருசப் படிப்பை நான் எப்பம் முடிச்சேன்?"

"நல்லாப் படிக்கிற பிள்ளை ரெண்டு வருசத்துல முடிக்காதா?"

எல்லாரும் சிரிச்சாக. சங்கரலிங்கமும் சிரிச்சாரு. ஆனா மறுநாளு ஷீட்டு மிஷின்ல இருந்து இறங்கி கட்டிங்குக்கு வந்துச்சு பாருங்க, அங்கனதான் ஆளு மாறிட்டாரு. கோடிக்கணக்கான காயிதத்தை வெட்டுன மனுசன். யாரு யாரு கலியாணத்தையோ, யாரு யாரு கடைதிறப்பையோ வெட்டியிருக்காரு. தன் வீட்டுப் பேரு நாலு கலர்ல வந்து அவரு பார்த்ததே இல்ல. மக மூஞ்சியப் பெருவிரலால மெல்லத் தடவுனாரு. நூத்தியெழுபது. வழுவழுன்னு இருந்துச்சு.

அன்னையில இருந்து அவருக்கு அது போட்டோவாத் தெரியல. நடந்து முடிஞ்ச விசயமாத் தெரிஞ்சுச்சு.

"எங்கன சேர்க்கணும்னு தீர்மானமாயிருச்சு. பொற்கொடிதான்"னு விருதுநகர் லெட்டரைத் தள்ளி வச்சுட்டு வீட்டுல அறிவிச்சாரு.

சுப்புலட்சுமி கிப்ட் பாக்ஸ் கட்டுற கையால தலையில அடிச்சுக்கிட்டா. "ஏங்க, அந்தக் கோட்டு மருந்துக்கடைக் கோட்டு. அந்த லேபு ஒங்க மை ரூமு. நீங்கதான வந்து சொல்லிச் சிரிச்சீக?"

"அது எடுக்கும்போது. இப்பம் அச்சாயிருச்சுல்ல."

"நாங்க பாக்ஸ் மேல ஒட்டுற படத்துல வானம் பூராவும் பூ விரியும். உள்ள எத்தனை பூத்திரி வைக்கிறோம்னு எனக்குல்ல தெரியும். டொனேசன் ஒண்ணே கால் லட்சம் கேக்கான். எங்கன இருக்கு?"

"திருத்தங்கல்ல மூணு சென்ட் இடம் கிடக்கே."

"வீடு கட்ட வச்சிருக்க இடமுல்ல!"

"நாலரை லட்சம் சம்பளக்காரி வீடு கட்ட மாட்டாளா?"

மாரிசெல்வி விருதுநகர் லெட்டரை எடுத்துக் கணக்குப் புத்தகத்துக்குள்ள வச்சுக்கிட்டா. இடத்தை அடமானம் வச்சாச்சு. ரூவாயை மஞ்சப்பையில போட்டுச் சுப்புலட்சுமி மடியில இறுக்கி வச்சுக்கிட, வெள்ளிக்கிழமை மூணு பேரும் சாத்தூர் பஸ் ஏறுனாக.

காலேஜ் இருந்துச்சு. இல்லைன்னு சொல்லப்படாது. தரைத்தளம் முடிஞ்சு, மேல கம்பி கம்பியா நீட்டிக்கிட்டு நின்னுச்சு. அரண்மனைய மட்டும் காணல. வாசல்ல ஒரு தண்ணி டேங்கர் அடியில ஒழுகிக்கிட்டு நின்னுச்சு.

"படத்துல பவுண்டன் இருந்துச்சேப்பா?"ன்னா மாரிசெல்வி.

"தண்ணி வருதுல்ல தாயி."

ஆபீசு ஒரு தகரக் கொட்டகை. உள்ள நிர்வாக அலுவலர் அருள்பாண்டி. தாலுகா ஆபீசுல முப்பத்திமூணு வருசம் இருந்து ரிட்டயர்டு ஆனவரு. அங்கன இருந்தப்ப ஒரு மனுவையும் தப்பா அனுமதிச்சதில்லைன்னு பேரு. அனுமதிச்சாத்தான தப்பாகும்? மேசைக் கண்ணாடிக்கு அடியில பிராஸ்பெக்டஸை விரிச்சு வச்சிருந்தாரு.

"பேரு?"

"மாரிசெல்வி சார்."

"இனிசியல்?"

"எஸ்."

அருள்பாண்டி பேனாவை நிப்பாட்டினாரு. பிள்ளையப் பார்த்தாரு, கண்ணாடிக்கு அடியில பார்த்தாரு. திரும்பப் பிள்ளையப் பார்த்தாரு.

"ஏம்மா, நீங்கதான் நம்ம காலேஜ்ல படிச்சு முடிச்சாச்சே!"

சங்கரலிங்கத்துக்கு வாயெல்லாம் பல்லு. "நம்ம பிள்ளைதான் சார். எங்க பிரஸ்ல வச்சு எடுத்தது. கையில இருக்கது மெஜந்தா மை."

"அப்பம் பிராஸ்பெக்டஸ்ல இருக்கது பொய்ங்கிறீக?"

"ஐயையோ, பொய்னு சொல்லல சார்."

"மெய்யின்னா, மேற்படி மாணவி படிப்பை நிறைவு செஞ்சுட்டாக. நிறைவு செஞ்சவுகளை முதலாமாண்டுல சேர்க்க விதியில் இடமில்லை. பொய்யின்னா, பொய்யின்னு இருபது ரூவா ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. இந்த நிமிசமே சீட்டுத் தாரேன். நான் யாருக்கும் விரோதி இல்ல."

சுப்புலட்சுமி புருசன் காதுல குனிஞ்சா. "எழுதிக் கொடுத்தா, பொய் சொல்ற காலேஜ்ல எதுக்குச் சேர்க்கோம்? எழுதிக் கொடுக்கலைன்னா சீட்டு இல்ல. ரெண்டு பக்கமும் திரி வச்ச வெடியால்ல இருக்கு? வாங்க, எந்திரிச்சுப் போயிருவோம்."

சங்கரலிங்கம் பேனாவை வாங்கினாரு. விரலு பிராஸ்பெக்டஸ் மேல போச்சு. ஒரு தேய். கை எழுதவே மாட்டேன்னுருச்சு. நூத்தியெழுபது ஜி.எஸ்.எம்.மைப் பொய்யின்னு எழுதுறதா? பேனாவைக் கீழ வச்சுட்டு வேற வழி யோசிச்சாரு.

"அப்பம் சார், பி.இ. முடிச்ச பிள்ளைன்னே வச்சுக்கிடுங்க. எம்.இ.யில சேர்த்துருங்க."

"எம்.இ.க்குப் பி.இ. சர்டிபிகேட் இணைக்கணுமே?"

"அதை நீங்கதான சார் தரணும்?"

"தரலாம். ஆட்சேபணை இல்ல." அருள்பாண்டி ஒரு தடித்த நோட்டைப் புரட்டினாரு. மூஞ்சி இறுகிப் போச்சு. "என்னங்க இது? மேற்படி மாணவி நாலு வருசமும் பீஸ் கட்டுனதா ஒரு ரிக்கார்டும் இல்லையே!"

"படிக்கவே இல்ல சார்!"

"படிக்கலைன்னா பொய்னு எழுதிக் கொடுங்க. எழுத மாட்டேங்கிறீக. அப்பம் படிச்சிருக்காக. படிச்சிருந்தா நாலு வருசப் பாக்கி ரெண்டரை லட்சம். அபராத வட்டி தனி."

பாவம் சங்கரலிங்கம். சேர்க்க வந்த இடத்துல, சேராத படிப்புக்குக் கடன்காரராயிட்டாரு. சுப்புலட்சுமி மஞ்சப்பையச் சேலை முந்தானைக்குள்ள தள்ளுனா.

அதுவரைக்கும் ஓரமா உக்கார்ந்திருந்த மாரிசெல்வி அப்பந்தான் நாற்காலிய முன்னால இழுத்துப் போட்டா.

"சார், பாக்கி நியாயந்தான். கட்டிருவோம். பேப்பரும் பேனாவும் தாங்க. இங்கன பாருங்க, வருசத்துக்கு நாலரை லட்சம் சம்பளம்னு நீங்கதான அச்சுல போட்டிருக்கீக?"

"ஆமா."

"வேலை வாங்கிக் கொடுத்தது நீங்க. எனக்கு இன்னும் ஒரு மாசச் சம்பளம்கூட வந்து சேரல. நாலரை லட்சத்துல ஒங்க ரெண்டரை லட்சத்தைக் கழிச்சா மிச்சம் ரெண்டு. அபராத வட்டிக்கு ஒரு பத்தாயிரம் எடுத்துக்கோங்க. ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்குச் செக்காத் தாரீகளா, ரொக்கமாவா?"

முப்பத்திமூணு வருசத்துல மனுதாரர் அரசாங்கத்துக்கிட்ட பாக்கி கேட்டு அருள்பாண்டி பார்த்ததில்ல. மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. சட்டுன்னு ஒரு லெட்டர்பேடை உருவி, மடமடன்னு எழுதி, வட்ட சீலு, நீள சீலு ரெண்டையும் குத்தி நீட்டினாரு.

'மேற்படி விண்ணப்பதாரர் தேவையான தகுதிக்கு மேற்பட்ட தகுதி உடையவராக இருப்பதால் சேர்க்கை மறுக்கப்படுகிறது. இரு தரப்பிலும் பாக்கி இல்லை.'

சங்கரலிங்கம் வாங்கித் தேய்ச்சுப் பார்த்தாரு. "நூறு. பாண்ட் பேப்பர்"னு முனங்குனாரு.

ஊருக்குள்ள வந்ததும் ஆண்டிச்சாமி ஓடி வந்தாரு. "என்ன மச்சான், சேர்த்தாச்சா?"

"இல்லைன்னுட்டாக."

"பணம் பத்தலையா?"

"பணத்தை வாங்கவே இல்ல." லெட்டரைக் காட்டினாரு.

ஆண்டிச்சாமி அதை நாலு தரம் வாசிச்சாரு. அவரு மூஞ்சியில பயபக்தி வந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அந்த லெட்டரு தெரு பூராவும் சுத்தி வந்துச்சு. எல்லாரும் தேய்ச்சுப் பார்த்தாக. மாரிசெல்விக்கு மட்டும் அதைப் பத்திக் கவலை இல்ல. அவ ஞாயித்துக்கிழமை இருந்து பாவாடை தாவணிய இஸ்திரி போட்டு வச்சுக்கிட்டா. இடத்தை மீட்டுட்டு வாங்கன்னு சுப்புலட்சுமி புருசனை விரட்டிக்கிட்டே இருந்தா.

திங்கக்கிழமை காலையில அப்பாவும் மகளும் விருதுநகர் பஸ்ஸுக்கு நின்னாக. மாரிசெல்வி கையில நாலாயிரத்துச் சொச்சம். எதுத்த பக்கம் ஒரு வேன் வந்து நின்னுச்சு. உள்ள ஆண்டிச்சாமி, அவரு சம்சாரம், நெத்தி நிறையத் திருநீறோட அன்பரசன். அதுக்குப் பின்னால இன்னும் மூணு வேன்.

"எங்கன கிளம்பிட்டீக மச்சான்?"ன்னாரு சங்கரலிங்கம்.

"பொற்கொடிக்குத்தான்."

"மச்சான், அங்கன கட்டடமே இன்னும் முடியல."

"முடிச்சிருவாக."

"லேபு எங்க மை ரூமு மச்சான். சத்தியமாச் சொல்றேன்."

"லேபு யாரு கேட்டா? மத்த காலேஜ்க்காரனெல்லாம் வீடு தேடி வந்து கால்ல விழுந்து கூப்பிடுதான். காசோட வாசல்ல போய் நின்னவுகளைத் தகுதி பார்த்துத் திருப்பி அனுப்புன காலேஜ் இந்தச் சீமையிலயே அது ஒண்ணுதான். அப்பேர்ப்பட்ட இடத்துல நம்ம பிள்ளை படிக்க வேணாமா?" ஆண்டிச்சாமி வேனை விட்டு இறங்கி வந்து சங்கரலிங்கத்தோட தோள்ல கையப் போட்டாரு. பின்னால வேன்ல இருக்கவுகளுக்குக் கேக்காத மாதிரிக் குரலை இறக்கிக் கேட்டாரு. "அது கிடக்கட்டும். ஒங்க பிள்ளைக்கு இல்லைன்னாகளே, அந்தச் சீட்டு இன்னும் காலியாத்தான இருக்கும்?"

சங்கரலிங்கம் நாலு வேனையும் ஒரு தரம் பார்த்தாரு. எல்லாத்துலயும் மஞ்சப்பை. விருதுநகர் பஸ்ஸு வந்து நின்னு ஹாரன் அடிச்சுச்சு.

"தாயி," மக பக்கம் திரும்பி மெதுவாக் கேட்டாரு, "நாமதான் அவசரப்பட்டுட்டமோ?"

மாரிசெல்வி அவரு பெருவிரலை இறுக்கிப் பிடிச்சு பஸ்ஸுக்குள்ள இழுத்துட்டா.